அக்கா போட்ட சாயம் சரியாகத்தான் இருந்தது

அக்காவின் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் மூன்று தரம் சொல்லிவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று அவர் நினைத்திருப்பார். மூன்று தரம் உட்கார்ந்தேன், மூன்று தரமும் எழுந்துவிட்டேன். அக்காவைப் பற்றி எழுத எதுவும் இல்லாமல் இல்லை. அவரைப் பற்றி எழுதினால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். உறவுக்காரர்கள் எல்லோர் கைக்கும் போகிற தாள் இது ஒன்றுதான். இதில் எழுதாவிட்டால் வேறெங்கும் எழுதமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அக்கா உக்குவளைக்கு மேலே, ரப்பரும் கொக்கோவும் கலந்து நின்ற ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா பால் வெட்டப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடங்களில் வேலை நாளும் குறைந்தது, அரிசியும் குறைந்தது. மரவள்ளிக்கிழங்கை அவித்து அவித்து அதன் வாசனையே வெறுத்துப்போனது. ஒரு நாள் அம்மா இரண்டு மூட்டையைக் கட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அலுவிகாரைப் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய தையலறையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து ஏழைகளுக்கு உடுப்புப் பார்சல் வரும். பிரித்தால் முக்கால்வாசி குளிர்காலக் கோட்டு. மாத்தளை வெயிலில் அதை யார் போடுவது? அந்தக் கோட்டுகளைப் பிரித்து, துவைத்து, சாயம் போட்டு, சுண்டுவிரல் அகலம்கூட வராத நாடாக்களாக வெட்டுவார்கள். மரச் சட்டத்தில் சாக்கை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அந்த நாடாவைச் சாக்கின் கண் வழியே மேலே இழுத்து இழுத்து வளையம் வளையமாக நிறுத்தினால் கம்பளம். கண்டி ஹோட்டல்களில் அதை வாங்கினார்கள். சாயம் காய்ச்சும் பொறுப்பு அக்காவுடையது. ஒரே சிவப்பைப் பத்துத் தரம் காய்ச்சினாலும் பத்துத் தரமும் ஒரே சிவப்பாக எடுப்பார் என்று, கூட வேலை செய்த சோமா அக்கா இன்றைக்கும் சொல்வார்.

அந்தத் தையலறைக்குப் பக்கத்திலேயே கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். அக்காவின் முகத்துக்காக என்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு றாத்தல் பாண் வாங்க பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் இல்லை. சாயத்தூளும் பார்சலோடு வந்தால்தான் உண்டு. அந்தத் தூளில்தான் அக்கா ஒரு பெரிய கம்பளத்துக்குச் சிவப்புக் காய்ச்சினார். பின்பக்கத்துக்குக் காடாத் துணி வைத்துத் தைக்க அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தைத்து முடித்த நேரம் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குச் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். கம்பளத்தைச் சுருட்டி, பழைய சீலையால் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டு அக்கா அம்மாவோடு போனார். இரண்டு கிழமை நான் தனியாக இருந்தேன். படுக்க மட்டும் கடைக்காரர் வீட்டுக்குப் போவேன்.

மாசி மகத் தேர் வருகிற நேரம். தேருக்கு முன்னால் வீட்டைக் கழுவி, பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் வெயிலில் போட்டு எடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். மார்கழி மழையின் ஈரம் அப்போதுதான் விட்டிருக்கும். அம்மாவும் அக்காவும் திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெட்டியைத் திறந்தால் கம்பளத்தில் ஒரே புழுங்கல் நாற்றம், சீலையில் இரண்டு பூச்சி. அதையும் தூக்கிக்கொண்டு போய்த் தகரக் கூரையில் விரித்தேன். காற்று அடிக்காமல் நாலு மூலைக்கும் நாலு கல். காலையில் விரிப்பேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுப்பேன். பெரிய காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு நிறம் போவது தெரியாது. பத்தாம் நாள், விரித்த இடத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்று கல்லை எடுத்தேன். கல் இருந்த நாலு இடமும் ரத்தச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் பழைய செங்கல் நிறம். அப்போதே சுருட்டிப் பெட்டியில் வைத்திருந்தால் அது ஒரு பிள்ளை தெரியாமல் செய்த பிழை. நான் வைக்கவில்லை. கல் இருந்த இடமும் வெளுக்கட்டும் என்று இன்னும் நாலு நாள் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். இந்த முறை கல் வைக்கவில்லை. காற்றுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். நாலாம் நாள் எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. என் பதினாறு வயது மூளை அன்றைக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அக்கா வந்த மறுநாள் காலையில், சுற்றிய சீலையை அவிழ்க்காமலே கம்பளத்தைத் தையலறைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் விரித்தார்கள். தையலறையை நடத்திய மதர், மிச்சமிருந்த சிவப்பு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"வீட்டுல இது வெயில்ல கெடந்துச்சா? உண்மைய சொல்லு," என்றார் மதர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கம்பளத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்தார்.

"வெயில் படல்லீங்க மதர். பொட்டிக்குள்ளதான் இருந்துச்சு," என்று அக்கா சொன்னார்.

அக்கா சொன்னதுதான் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நல்ல சாயம் பெட்டிக்குள் இருந்து வெளுக்காது, தூளை வெளியே விற்றுவிட்டு எதையோ கலந்திருக்கிறாள் என்று பேச்சானது. அக்கா மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் கிழமையோடு வேலை போனது. நான் அதே பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதி, மேலே படித்து, ஆசிரியையாக வந்தேன். வீட்டில் இல்லாத அக்காவுக்கு வெயில் விஷயம் எப்படித் தெரியும், தெரிந்ததைத்தானே சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பெண் பார்க்க வந்த ஒரு நல்ல இடம் "கை சுத்தமில்லையாமே" என்று திரும்பிப் போனது. அதைப் போய்ச் சொன்னது நம் சொந்தக்காரர்தான், பெயர் வேண்டாம். கல்யாண வீடுகளில் அக்கா நுழைந்தால் "சாயக்காரி வந்தாச்சு, சீலையப் பத்திரமா வச்சுக்கங்க" என்று ஒரு கேலி உண்டு. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதற்குச் சிரித்தவர்கள். நானும் ஒருமுறை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் தெரியும். எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடினோம். எண்பத்து மூன்றில் ஓடியபோது அக்கா தவணையில் வாங்கிய தையல் மெஷின் அறையோடு எரிந்தது. சிங்களவரான சோமா அக்கா தன் வீட்டுப் பின்னறையில் எங்களை ஒன்பது நாள் வைத்திருந்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம் யாரும் இல்லை என்று சொன்னார். ரோட்டோரம் பிணம் கிடந்த அந்த எண்பதுகளின் கடைசியில் அக்கா கார்மெண்ட் தொழிற்சாலைக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். பயமில்லையா என்று கேட்டால், "பயப்படவும் கொஞ்சம் சத்து வேணும் புள்ள," என்பார். அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டியதும் அவர்தான். நான் சனி ஞாயிறுகளில் பழத்தோடு போய்வந்தேன்.

முப்பத்து நாலு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தான் பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். சாயக் கதை அவர் காதிலும் விழுந்திருந்தது. "விழுந்துச்சு. அதுக்கு இப்ப என்னங்க?" என்று கேட்டுவிட்டுத் தாலி கட்டினார். பிள்ளை இல்லை. இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

சீனி வருத்தம் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, அக்கா படுக்கையில் விழுந்த ஐந்தாம் மாதம், ஒரு பகல் நேரம், அத்தான் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அக்காவின் கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்த நான் வாயைத் திறந்துவிட்டேன். கம்பளத்தை வெயிலில் போட்டது நான் என்றேன். கல்லைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும்," என்றார் அக்கா.

"எப்படிக்கா?"

"மதர் ஏசிக்கிட்டு நிக்கிறப்ப, குனிஞ்சு ஒரு வளையத்த நகத்தால இழுத்துப் பாத்தேன். நுனிதான் வெளுத்திருந்துச்சு. சாக்குக்குள்ள இருந்த அடி செக்கச் செவேல்னு காய்ச்சுன மாதிரியே இருந்துச்சு. சாயம் கெட்டதுன்னா அடியும் சேந்துல்ல போவும்? வெயில் பாத்த எடம் மட்டும் போயிருக்கு. வீட்டுல அப்ப இருந்தது நீ மட்டுந்தானே."

"அப்ப ஏன்கா சொல்லல?"

"சொன்னா ஒன்ன பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பியிருப்பாங்க. அம்மா ஒன்ன திரும்பவும் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருப்பாங்க." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "பரீட்ச முடிஞ்சதும் நீயே சொல்லுவேன்னு பாத்தேன். வேல கெடச்சதும் சொல்லுவேன்னு பாத்தேன். பொறவு பாக்குறத விட்டுட்டேன்."

நான் அழுதேன். இன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இப்ப வேணாம் புள்ள. ஆளுக்கு ஆள் பழத்தத் தூக்கிக்கிட்டு மன்னிப்புக் கேக்க வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் பரவால்ல பரவால்லன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்க எனக்கு முடியாது. நான் போனப்புறம் சொல்லு."

பதினொரு நாள் கழித்து அக்கா போய்விட்டார். இந்த வருடம் யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னபோது, அதைக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட அவர் இல்லை.

அக்கா படுக்கையில் இருந்த நாட்களில் தூக்கவும் துடைக்கவும் உதவிய பக்கத்து வீட்டார், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்காரத் தம்பி, எண்பத்து மூன்றில் கதவைத் திறந்ததோடு கடைசி நாள் வரை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோமா அக்கா, காரியங்களை முன்நின்று நடத்திய சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை. முடியும்வரை குறுக்கே பேசவில்லை. அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் சொன்னேன்," என்றார். "நீ அந்தத் தூள எடுத்தத பத்தி நான் ஒரு நாளும் கேக்க மாட்டேன், நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்னு. அவ ஒன்னும் சொல்லல. எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா."