மாமா நெற்றியில் மூன்று கோடு

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டு முன் அறையில் தங்கியிருந்தார். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் ஒரு எண்ணெய் ஆலையில் அவருக்கு ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரங்களில் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் அவரை எங்கள் வரிசை வீடுகளின் முனையில் இறக்கிவிடும். வந்ததும் படுக்க மாட்டார். கைலியைக் கட்டிக்கொண்டு, அப்பா படித்துவிட்டுப் போன தமிழ்ப் பத்திரிகையை எடுத்துச் சமையலறை வாசலில் உட்கார்ந்து, கோப்பி ஆறும்வரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்.

அரசியல், விளையாட்டு எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று சாமிச் செய்தி, இன்னொன்று விஞ்ஞானச் செய்தி. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவார்.

எங்கோ ஒரு ஊரில் வாழைப்பூ பிள்ளையார் மாதிரி பூத்திருக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது என்று ஒரு நாள் செய்தி. "வாழப்பூ எப்பவும் அப்படித்தான்கா இருக்கும். பிள்ளையார்தான் அதப் பாத்துத் தும்பிக்க வெச்சிக்கிட்டாரு" என்றார். இன்னொரு நாள், பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சூரியன் குளிர்ந்துவிடும் என்று விஞ்ஞானிகள் சொன்னதாக வந்திருந்தது. "அக்கா, துணிய இன்னிக்கே காயப் போட்டுருங்க." உலகம் அழியப் போகும் தேதியை ஒரு சாமியார் அறிவித்தபோது, "எந்த ஷிப்ட்டுன்னு போடலையே" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடவுள் பக்தி உள்ளவர்களுக்கு ரத்தக் கொதிப்பு குறைவு என்று ஓர் ஆராய்ச்சி வந்தது. "நீங்க என்னத் திட்டிக்கிட்டே சாமி கும்புடுறீங்களே, அது சேத்தியான்னு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணலாம்."

அம்மா திரும்பிப் பார்க்காமல், "வாயக் கழுவுடா" என்பார். ஆனால் அவர் முதுகு குலுங்கும்.

எனக்குச் சிரிப்பு வராது. அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. மத்தியானப் பள்ளி என்பதால் காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மாமா பிள்ளையாரைச் சொன்னால் சாமி அலமாரிக்கு ஓடி அவருக்காக நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். சூரியனைச் சொன்னால் வாசலுக்கு ஓடி அது இன்னும் சுடுகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பேன். அவர் எதற்கும் பயப்படாததால் அவர் பங்கையும் சேர்த்து நானே பயப்பட வேண்டியிருந்தது.

பள்ளியில் திங்கட்கிழமை தோறும் சபைகூடல். எல்லோரும் வலது கையைத் தூக்கி ருக்குன் நெகாரா என்ற நாட்டு உறுதிமொழியைச் சொல்வோம். ஐந்து கோட்பாடுகள். அதில் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அதுவரை நான் அதை வாய்ப்பாடு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை, கையைத் தூக்கிய நிலையிலேயே, மாமா ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. சபைகூடலை நடத்திய டீச்சர் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா போலீஸ் வேன் ஓட்டுபவர். அதனால் சட்டம் முழுக்க அவளுக்குத் தெரியும். யாரென்று சொல்லாமல் அவளிடம் கேட்டேன், ஒருத்தருக்கு முதலாவது மட்டும் இல்லையென்றால் என்ன ஆகும்?

"லோக்காப்தான்" என்றாள். "அஞ்சாவதுன்னாலும் பரவால்ல. முதலாவதே இல்லன்னா எப்படி? எங்கப்பா வேன்லதான் ஏத்திட்டுப் போவாங்க."

"எல்லாரையுமா?"

"பேரு எழுதி வெச்சிருக்கணும்லா. எழுதாம எப்படிப் புடிப்பாங்க?"

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாமா சமையலறை வாசலில் சொல்வதை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மா எழுத மாட்டார். அப்பாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. வெளியே கேட்காமல் இருக்க, மாமா பத்திரிகையைப் பிரித்ததும் நான் போய் முன் கதவைச் சாத்திவிடுவேன். "வேக்குது பாப்பா, தொறந்து வையி" என்பார் அவர்.

அப்படியே போயிருக்கும். அந்த வருஷம்தான், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பஞ்சி என்று நாங்கள் சொல்வோம். பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களே வீடு வீடாக வந்து எழுதுவார்கள் என்று சொன்னார்கள். என்னென்ன கேட்பார்கள் என்ற விவரம் பத்திரிகையில் வந்திருந்தது. மாமா அதை வாசித்தார். பெயர், வயது, பிறந்த இடம், வேலை, மதம். மதத்துக்கு எதிரில் இருக்கும் கட்டங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசிக் கட்டம், மதம் இல்லை.

அவர் ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவரோ அந்தப் பகுதியை மறுபடியும், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே வாசித்தார்.

"அக்கா, பஞ்சிக்கு வந்தா என்னப் பத்தி நானே சொல்லிக்கிறேன். தூங்கிட்டிருந்தாலும் எழுப்பி விடுங்க."

"ஏன், என் தம்பி பேரு எனக்குத் தெரியாதா?"

"பேரு நீங்க சொல்லலாம்." கோப்பியை எடுத்தார், குடிக்கவில்லை. "போன தடவ லாபிஸ்ல, எஸ்டேட்டுல இருந்தப்ப, அப்பாவே எல்லாருக்கும் சேத்துச் சொல்லிட்டாரு. எனக்கு இருவது வயசு. பக்கத்துலதான் நின்னேன். என்ன ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அம்மா கத்திரிக்காயை நறுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் என் பக்கத்துப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. எழுதப் போகிறார்கள். டீச்சர் எழுதப் போகிறார். அதுவும் மாமாவே கேட்டு எழுதச் சொல்லப் போகிறார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். வரப்போகும் நாளைக் குறித்து வீட்டுக் கேட்டில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். தாளை எடுத்து என் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். ஆனால் மாமா முதலிலேயே பார்த்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன், அவர் தன் வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டை அது. காலரை இரண்டு பக்கமும் அழுத்தி, கையில் மடிப்பு விழாமல் தேய்த்து, அறைக் கதவின் பின்னால் மாட்டினார். லோக்காப்புக்குப் போகிறவர்களைச் சுத்தமாக வரச் சொல்வார்களோ என்று நான் நினைத்தேன். யாரிடமும் கேட்கத் தைரியமில்லை. எனக்கு எதையுமே கேட்கத் தைரியம் இருந்ததில்லை, இன்றைக்கும் பெரிதாக இல்லை.

புதன்கிழமை காலை மாமா வந்தார். பத்திரிகையைத் தொடவில்லை. "ஒரு மணிக்கு எழுப்புங்கக்கா. குளிச்சிட்டு ரெடியாவணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். இரவு ஷிப்ட் முடிந்த தூக்கம், பக்கத்தில் மேளம் அடித்தாலும் கேட்காது.

அதை நம்பித்தான் நான் ஒரு காரியம் செய்தேன். டீச்சர் கேட்பதற்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொண்டால் கேட்கவே மாட்டார் அல்லவா? சாமி அலமாரியிலிருந்து விபூதித் தட்டை எடுத்துவந்தேன். காய்ந்த விபூதி உதிர்ந்துவிடும் என்பதால் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கட்டில் ஓரத்தில் முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று விரலால் அவர் நெற்றியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இழுத்தேன். பாதியில் அவர் முகத்தைத் திருப்பினார். கோடு காதுப் பக்கம் ஏறிவிட்டது. அவர் ஏதோ முனகி, கையால் கொசு விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டு, மறுபடியும் தூங்கினார். ஓலைப் பாயில் ஒரு சொட்டு விழுந்ததை என் கவுனாலேயே துடைத்தேன்.

இரண்டு மணிக்கு என்று எழுதிய டீச்சர் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். பக்கத்து வரிசையில் நிறைய வீடு பூட்டியிருந்ததாம். சபைகூடலை நடத்தும் அதே டீச்சர். கழுத்தில் அட்டை, மடியில் பெரிய தாள், கையில் பென்சில். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அம்மா எல்லோருடைய விவரத்தையும் கடகடவென்று சொன்னார். மாமா முறை வந்ததும் நிறுத்தினார். "இருங்க டீச்சர், அவனே சொல்லணுமாம். சொல்லி வெச்சிருக்கான்." அறைக் கதவைத் தட்டி, "டேய், பஞ்சி வந்துட்டாங்க, டீச்சருக்கு நேரமில்ல" என்றார்.

மாமா அப்படியே எழுந்து வந்தார். கைலி, பனியன், ஒரு பக்கம் நட்டுக்கொண்டிருந்த முடி, நெற்றியில் காய்ந்து இறுகிய மூன்று வெள்ளைக் கோடு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறந்த இடம் கேட்டதற்கு, "லாபிஸ்." வேலை கேட்டதற்கு, "பேக்டரி, மெஷின் ஆப்பரேட்டர்."

"மதம்?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்த மதமும் இல்ல டீச்சர்."

டீச்சர் பென்சிலைத் தாளில் வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லையா?"

"இல்ல. கடைசியில ஒரு கட்டம் இருக்கே, அதுல போடுங்க."

"கட்டம் இருக்கு, போடலாம்" என்றார் டீச்சர். பென்சில் முனையால் தன் நெற்றியைக் காட்டினார். "அப்ப இது என்னா, பவுடரா?"

மாமா நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா, நானில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அவர் பார்வை திரைக்கு வந்தது. திரையைப் பிடித்திருந்த என் கையில் மூன்று விரலும் வெள்ளையாக இருந்தன.

நான் வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. அந்த டீச்சரிடம் அதுவரை நான் வாயைத் திறந்ததே இல்லை. "மாமாவ எழுதிடாதீங்க டீச்சர்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. "எழுதினா புடிச்சிட்டுப் போயிருவாங்க. முதலாவது இல்லன்னா லோக்காப்பு."

"எந்த முதலாவது?" என்றார் மாமா.

நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். சபைகூடலில் தூக்குகிற மாதிரி.

டீச்சருக்குத்தான் முதலில் புரிந்தது. "அலமாக், இந்தப் புள்ள" என்றார். "அப்படியெல்லாம் யாரும் புடிக்க மாட்டாங்கம்மா. இது வெறும் கணக்கு. எத்தன பேரு இருக்காங்கன்னு பாக்குறது." அவர் நல்ல விதமாகத்தான் சொன்னார். ஆனால் பென்சில் இன்னும் அவர் கையில் இருந்தது. கை அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா வந்து பிடிப்பதற்குள் எனக்கு வயிற்றிலிருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. இருந்தது கோப்பித் தண்ணீர் மட்டும்தான்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"இந்துன்னே போட்டுக்குங்க டீச்சர்."

"நெசமாவா? நீங்க சொல்றதத்தான் நான் எழுதணும்."

"நான்தான் சொல்றேன். எழுதுங்க."

டீச்சர் எழுதினார். எழுதி முடித்து, தாளைத் திருப்பி எனக்கும் காட்டினார். பென்சில் கோடு சரியான கட்டத்தில்தான் இருந்தது. மாமா எட்டிப் பார்க்கவில்லை.

டீச்சர் போன பிறகு அம்மா தரையைத் துடைத்தார். மாமா கண்ணாடி முன் நின்று நெற்றியை வெகுநேரம் பார்த்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன்.

"தண்ணி கலந்தியா பாப்பா?"

தலையாட்டினேன்.

"அதான் இழுக்குது" என்றார். மறுபடியும் போய்ப் படுத்தார். கோட்டை அழிக்காமலேயே.

எனக்கு அன்று மத்தியானம் பயங்கரமாகப் பசித்தது. இரண்டு தட்டு சோறு தின்றேன். விபூதிக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியப்பட்டேன். ஒரு தடவை பூசியதற்கே மாமாவுக்குச் சாமி வந்துவிட்டது. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, கையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்கி, முதலாவதை நான் கத்திச் சொன்னேன். முன்னால் நின்ற டீச்சர் ஏனோ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா பத்திரிகை வாசிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த வாரமே, வேறு கிரகத்தில் தண்ணீர் இருக்கலாம் என்ற செய்திக்கு, "அங்க குழாய் போடறதுக்குள்ள நம்ம லைன்ல தண்ணிய ஒழுங்கா விடச் சொல்லுங்க" என்றார். அம்மாவின் முதுகு குலுங்கியது. எனக்கும் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. முன் கதவைச் சாத்தப் போகவில்லை.

வெள்ளைச் சட்டை மட்டும் அவர் அறைக் கதவின் பின்னாலேயே பல நாள் தொங்கியது. ஒரு நாள் அறையைக் கூட்டப் போன அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இஸ்திரி போட்டுப் போடாமலே கெடக்குதே. யாரு கல்யாணத்துக்குடா இது?"

மாமா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது தள்ளிப் போச்சுக்கா. இனி பத்து வருஷம் ஆவும்."

அம்மா சட்டையை உதறி, கையை உள்ளே மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் தள்ளிப் போகிற கல்யாணமும் உண்டா என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்தப் பெண் யாரோ, பாவம், அதுவரை காத்திருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.