கோயில் அரிசியும் இரண்டு மில்லிமீட்டரும்

அம்மா நாற்பத்தொன்பது வயதில் லைசன்ஸ் எடுத்தார். ஓல்டன் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில், முதியவர்களை வீடுகளுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. கார் இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஆனால் எங்கள் பழைய காரை இரண்டு வாரம் ஓடிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காரின் திறப்பை மேசையில் வைத்துவிட்டார்.

"எனக்குச் சரிவராது பிள்ளை. நேரா ஓடத் தெரியேல்லை. திங்கக்கிழமை சொல்லிப்போட்டு வேலையை விட்டு நிக்கப்போறன்."

"நீர் கார் ஓடேக்கை றோட்டெல்லோ நெளியுது," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை.

நான் அப்போது இயந்திரப் பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மறுநாள் காலை நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்துக்குப் போய் முன் டயர்களைத் தடவிப் பார்த்தேன். இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. முன்சக்கரங்கள் வெளிப்பக்கமாக விரிந்து நின்றால் அப்படித்தான் தேயும், கார் நேரே போகாமல் அலையும். கராஜில் அடுத்த கிழமைதான் இடமிருந்தது.

நானே சரிசெய்யலாமென்று பட்டியல் எழுதினேன். டயர்க் காற்று. ஸ்டியரிங் நடுவில். டிக்கி காலி. சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நான்கில் நூல் கட்டி, காரின் இருபுறமும் இணையாக இழுத்தேன். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஸ்டியரிங் தண்டுகளை இரு பக்கமும் ஒரே அளவு திருகி, சரியான இலக்கம் வந்ததும் நட்டை இறுக்கினேன். அன்றிரவு மனம் நிறைந்து படுத்தேன்.

ஞாயிறு காலை, ஒரு நிச்சயத்துக்காக மறுபடி அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நூலை அவிழ்த்துக் கட்டினேன். அதே வித்தியாசம்.

"அப்பா, காரை எடுத்தனீங்களோ?"

"இல்லையே. கோயில் அரிசியைத்தான் நேற்றுப் பின்னேரம் கோயில் அண்ணை வந்து தன்ரை வானிலை ஏத்திக்கொண்டு போனவர்."

"எந்த அரிசி?"

"அன்னதானத்துக்கு. இருபது கிலோ மூட்டை அஞ்சு. டிக்கிக்கைதானே கிடந்தது."

நூறு கிலோ. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் உயர்ந்து நின்ற காரைத்தான் நான் அவ்வளவு கவனமாக அளந்திருக்கிறேன். டிக்கியைத் திறந்து பார்க்காமலே 'காலி' என்பதற்குச் சரி போட்டிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே!"

"படிச்ச பிள்ளை, திறந்து பாத்திருக்கும் எண்டு நினைச்சன்."

இந்த முறை டிக்கியைத் திறந்து, ஒட்டியிருந்த அரிசிமணிகளையும் கூட்டிவிட்டு மறுபடி அளந்து திருத்தினேன்.

மத்தியானம் அம்மாவை வற்புறுத்திக் கார் ஓடவைத்தேன். ஊரைத் தாண்டி வயல்களுக்கிடையே நேரான பாதை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

"அப்ப, என்ரை பிழையில்லையோ?"

"இல்லை அம்மா. காரின்ரை பிழை."

"கொப்பரிட்டைச் சொல்லு. நான் சொன்னா அந்த மனுசன் நம்பார்."

அடுத்த சுற்றுவட்டத்தில் திரும்பி வீட்டுக்குப் போவதாகத்தான் பேச்சு. அம்மா திரும்பவில்லை. திங்கட்கிழமை போகவேண்டிய முதல் வீடு எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு வரலாம் என்றார்.