சந்தனம் வைத்த டேப்

1997இல் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஆலை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபீசர். சுயம்புலிங்கம் என்றால் யாருக்கும் தெரியாது. 'கம்ப்யூட்டர் சார்' என்றால் டீக்கடை வரை தெரியும். மதுரையில் ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் அறையில் மாட்டியிருந்தேன். தினமும் காலையில் முதல் வேலை அதைத் துடைப்பதுதான்.

கிருமி நீக்கிய ஒவ்வொரு பெட்டித் துணிக்கும் எந்த நாள், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று எங்கள் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதிவில்லாத பெட்டியை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. பதிகிற ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனியாக இன்னொரு டிஸ்கிலும் எழுதிக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். சாயங்காலம் ஆபரேட்டர் ஜெயபாய் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிய பிறகுதான் அந்த டிஸ்க் காலியாகும். அவள் செட்டியார்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள்.

லாக்குக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்று மானேஜர் சங்கரலிங்கம் கேட்டபோது கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு நாளைக்கு இருபது எம்பி. கிடங்கில் கிடந்த பழைய அறுபது எம்பி டிஸ்க்கே மூன்று நாளுக்குத் தாராளம் என்றேன். டேப் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று ஜெயபாய் கேட்டாள். அது எப்படி ஓடாமல் போகும் என்று சிரித்தேன். அத்தோடு விட்டேனா? கம்ப்யூட்டர் வந்த பிறகு பேப்பர் எதற்கு என்று, கிருமி நீக்கும் ஷெட்டிலிருந்து வரும் சீட்டுகளைப் பதிந்த அன்றே கிழித்துப்போடவும் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் இலாகா மட்டும் இளைத்ததா? மானிட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, மறுநாள் போட வேண்டிய புது டேப்புக்கு அதன் மூடியிலேயே தாராளமாக ஒன்று. மறுநாள் காய்ந்த சந்தனம் டேப்பை ஓட்டும் டிரைவுக்குள் உதிர்ந்து டேப் ஓடவில்லை. ஜெயபாய் வந்து சொன்னாள். புது டேப் என்றால் அப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அளந்துவிட்டேன். அடுத்த நாளும் அதையே அளந்தேன்.

பூஜை லீவை ஈடுகட்ட ஆலை ஓவர்டைமில் ஓடியது. மூன்றாம் நாள் மதியமே டிஸ்க் நிரம்பிக் கம்ப்யூட்டர் நின்றது. இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று லாக்கை அழித்தேன். அதன் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் டிரைவைத் துடைத்து, பழைய டேப்பை வைத்துப் பூஜைக்கு முந்தின நாள் வரை மீட்டுக்கொடுத்தார். லாக் இருந்திருந்தால் மிச்சமும் திரும்பியிருக்கும் என்றார். சீட்டுகளையும் கிழித்தாயிற்று என்பதால், மூன்று நாள் துணியையும் பெட்டி பிரித்து மறுபடி கிருமி நீக்க வேண்டியதாயிற்று. பேக்கிங் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தார்கள்.

மானேஜர் டேப் பதிவேட்டைப் புரட்டினார். எல்லாம் ஜெயபாயின் கையெழுத்து. தப்பு தன்னுடையது என்று அவளை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பஞ்சு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறையாக நான் பஞ்சைப் பார்த்ததே கிடையாது. அவள் தாளை வாங்கித் தேதி போட்டாள், தன் பெயரை எழுதினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

"சந்தனம் வச்சதும் நான்தான் சார். லாக்கை அழிச்சதும் நான்தான்" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

மானேஜர் என்னை ஒன்றும் திட்டவில்லை. டேப், டிஸ்க் பொறுப்பு முழுவதையும் ஜெயபாயிடம் கொடுத்து, எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்று அவளையே கேட்டார். டிரைவ் கெட்டு, நடுவில் லீவும் விழுந்து, மதுரை ஆள் வர எத்தனை நாள் ஆகும் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாளுக்கு வேண்டும் என்றாள்.

வெளியே வந்ததும், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீங்க இல்லன்னுருவிய சார். நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்தேன். இன்னும் செத்த நேரம் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."