ஒரு வாரத்துக்குக் கோபப்படக் கூடாது

மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? காயிலைக் கருக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "சும்மாதான் ஓடிச்சு அண்ணாச்சி" என்பார்கள். போன மாதம் அப்படி ஒருவரிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றிக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் என்றார் டாக்டர்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு வாட்ச்சோடு வந்து இறங்கினான். நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் பார்த்து, ஆள் நிதானமாக இருந்தால் பச்சை, படபடத்தால் சிவப்பு என்று அவன் போனுக்குச் சொல்லிவிடுமாம்.

"ஒரு வாரம் பாப்பேன்ப்பா. சிவப்பாவே வந்துச்சுன்னா கடைய அடச்சிட்டு எங்கூட வந்துரணும்."

கடை இல்லாமல் கோயம்புத்தூர் ஃபிளாட்டில் உட்கார்ந்து நான் யாரிடம் கத்துவது?

அவன் ஊருக்குப் போன மறுநாள் காலையே பக்கத்து ஊர்க் கரிவலத்துக்காரர் ஒருவர் அதே மோட்டாரை மூன்றாவது முறையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவும் மணிக்கட்டில் வாட்ச் கிர்ரென்று அதிர்ந்தது. சரியான கோள்மூட்டி! கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மதியம் வீட்டுக்குப் போனதும்தான் மூளை வேலை செய்தது.

"ஏட்டி, இத நீ மாட்டிக்கோ. உனக்குத்தான் கோவமே வராதுல்லா" என்றேன் மனைவியிடம். முப்பது வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள்.

"பாவம், பெத்த பிள்ளையவே ஏமாத்துதீகளே" என்று சிரித்தாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் கடையில் தொண்டை வறளக் கத்தினேன். வீட்டில் புதிதாக ஒன்றும் கத்தவில்லை. ரசத்தில் உப்பு கூட, அப்பளம் நமுத்துப்போச்சு, இத்தனை வருஷமாகச் சமைக்கிறாய், கைப்பக்குவம் வந்ததா என்று வழக்கமாகச் சொல்வதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கடைய மூட வேண்டாம். மொத நாள் காலைய விட்டா, கட நேரம் பூராவும் பச்சதான். வீட்லதான் என்னமோ சரியில்ல. தெனமும் மதியம் ஒண்ணரைக்குச் சிவப்பு, ராத்திரி எட்டு மணிக்குச் சிவப்பு. அம்மா ஏதும் நச்சரிக்காங்களா? வேணும்னா கொஞ்ச நாள் அவங்கள இங்க கூட்டிட்டு வந்திருதேன். நீங்க நிம்மதியா இருப்பீங்க."

அருவாமனைச் சத்தம் நின்றது. கடை தப்பிவிட்டது, நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஏலே, அந்த வாட்ச்சு உங்கம்மா கையிலல்லா கிடக்கு" என்றேன்.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ ஒண்ணரைக்கு அங்க என்னப்பா நடக்கு?"

"நான் சாப்பிட வாரேன்."