செங்கோடன் மண்டையும் மாரப்பன் வயிறும்

கம்பவுண்டர் உத்தியோகம் டாக்டரோடு கூட்டு வியாபாரம் மாதிரி: நோயாளி பிழைத்தால் பெயர் அவருக்கு, டிங்க்சர் எரிந்தால் திட்டு நமக்கு. விரலில் மருந்துக் கறையோடு சோறு தின்கிற என் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் நான் சேலம் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே காவேரியையே மறித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு குடம் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த மண்டையெல்லாம் நேராக என் பெஞ்சுக்குத்தான் வரும்.

மூன்றாவது தையல்

செங்கோடன் நெசவாளி. ஆள் ஒல்லி, கோபம் மட்டும் ஆறடி. ஒரே மாசத்தில் மூன்றாம் முறையாகத் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று காயமும் பித்தளைக் குடத்தின் விளிம்பு பட்டது. அடித்தவர் அதே தெருவில் சந்துக்குள் குடியிருக்கிற மில் தொழிலாளி முத்துசாமி. அவரும் சும்மா போய்விடவில்லை. முந்தின வாரம்தான் அவர் காதுக்கு மேலே நான் நாலு தையல் போட்டிருந்தேன்.

"இப்படியே போனா மயிர் முளைக்க இடமிருக்காது" என்றேன். செங்கோடன் சிரிக்கவில்லை. அரிவாளைத் தீட்டி வைத்திருப்பதாகவும், அடுத்த தடவை முத்துசாமி தைக்கிற நிலைமையில் வரமாட்டான் என்றும் சொன்னார். கூட வந்திருந்த அவர் சம்சாரம் பாவாயிக்கு ஏழு மாசம். அந்த அம்மா முகம் செத்துப் போயிற்று. புருஷன் வெளியே போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் சொன்னது இது:

"ஏனுங்க சாமி, காலுலயும் ரெண்டு தையல் போட்டு உட்டுருங்க, கொழந்த பொறக்கற வரைக்கும் ஊட்டை உட்டு நகராம கெடக்கட்டும்."

காவலுக்கு வந்த ஏட்டு

எங்கள் சப்-இன்ஸ்பெக்டருக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான், லத்தி. தெருக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஏட்டையாவை நிறுத்தினார். முதல் நாள் பிரமாதம். குடங்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. இரண்டாம் நாள் வரிசை கொஞ்சம் வளைந்தது. மூன்றாம் நாள் ஏட்டையா என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் அதே குடத்து விளிம்போடு.

தெருவையே உள்ளே தள்ளுகிறேன் பார் என்று குதித்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டாமல் இருக்கட்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். "அது சரி, எதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க?" என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"காரணம் கேக்கறதுக்கெல்லாம் என்னை அங்க நிக்க வெக்கலைய்யா, நீ ஊசியைப் பாத்துக் குத்து."

சங்குக்கு முன்னால்

அடுத்த வாரம் பாவாயி டானிக் வாங்க வந்தபோது அதே கேள்வியைக் கேட்டேன். விஷயம் இவ்வளவுதான். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருவதே மில் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால். மில்காரர்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துவிட்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் கேட்டை அடைத்துவிடுவார்கள். நெசவாளிகள் வெயில் ஏறுவதற்குள் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும், இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். இரண்டு பேருக்கும் அதே கால் மணி நேரம்தான்.

நான் ஏமாந்தே போனேன். காணிச் சண்டை, பெண் விவகாரம், பரம்பரைப் பகை என்று என்னென்னவோ மனசுக்குள் ஜோடித்து வைத்திருந்தேன். "அப்போ பகை ஒண்ணும் இல்லையா?" என்றேன்.

"பகையாவது ஒண்ணாவதுங்க, தண்ணி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே நெருப்புலதான் பீடி பத்த வெக்கறாங்க!"

இரண்டாம் ஈடு

கர்த்தர் கருணை உள்ளவர். நாலாம் நாளே வயிற்று உப்புசத்தோடு மாரப்பனை அனுப்பி வைத்தார். மாரப்பன் முனிசிபாலிட்டி ஆள். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவர். காலையில் என்ன ஆகாரம் என்று கேட்டேன். எட்டு இட்லி என்றார். ஐந்து தெருவுக்குத் திறந்துவிட்டுக் காப்பி கிளப்பில் உட்காருவாராம். முதல் ஈட்டு இட்லி கல்லு மாதிரி இருக்குமாம். அதனால் இரண்டாம் ஈடு வேகிற வரைக்கும் காத்திருந்து, தின்று, காப்பி குடித்து, அப்புறம் எழுந்து போய்க் கடைசித் தெருவுக்குத் திறப்பாராம். எது அந்தக் கடைசித் தெரு? செங்கோடன் தெரு.

மாதாவே! நான் போட்ட அத்தனை தையலும் ஒரு மனுஷன் இட்லிக்குக் காத்திருந்ததால் வந்த வினை! ஆனால் முனிசிபாலிட்டி ஆளிடம் நியாயம் சொன்னால் என்ன நடக்கும்? மனு எழுதிக் கொடு என்பான். மனு மேலே போய் இறங்குவதற்குள் முத்துசாமி மேலே போய்விடுவான். அதனால் நிலவேம்பைக் காய்ச்சி, எமனே முகம் சுளிக்கிற கசப்பில் ஒரு மருந்து கலந்தேன். விடியற்காலையில் இதைக் குடித்தால், கடைசித் தெருவைத் திறந்து முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது, பட்டால் குடல் வெந்துவிடும் என்று ஒரு போடு போட்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"தண்ணி தொறக்கறதுக்கும் என்ற கொடலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

காலிப் பெஞ்சு

தண்ணீர் முக்கால் மணி முன்னாலேயே வர ஆரம்பித்தது. ஒரு வாரம் பெஞ்சு காலி. இரண்டாம் வாரமும் காலி. சப்-இன்ஸ்பெக்டர் தன் லத்தியின் மகிமை என்று மீசையை முறுக்கினார். தெருக்காரர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். என் சம்சாரம் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். டாக்டர் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னய்யா, மண்டை கேஸெல்லாம் வேற எங்கேயாவது திருப்பி விடறியா?"

மருந்து போதுமுங்க

மூன்று மாசம் கழித்து மாரப்பன் வந்தார். வயிறு பஞ்சு மாதிரி ஆகிவிட்டதாம், இனிமேல் பழையபடி இட்லி தின்றுவிட்டே கடைசித் தெருவுக்குப் போகலாமா என்று கேட்டார். அன்றைக்குப் பார்த்து பாவாயி கைக்குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் செங்கோடன். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாரப்பன் எழுந்து போய், செங்கோடன் தலையில் இருந்த மூன்று தழும்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் திறக்கிறாராம். திறந்த கையோடு நடையைக் கட்டிவிடுவாராம். அது போய்ச் சேருகிற இடத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லையாம். அப்புறம் என் பக்கம் திரும்பினார், மூஞ்சியெல்லாம் கோபம்.

"மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொறந்து உட்டிருக்க மாட்டனுங்களா, மூணு மாசமா அந்தக் கசப்பை எதுக்குங்க குடிக்க வெச்சீங்க?"

ஆக, சகோதரர்களே, அந்தத் தெருச் சண்டையை நிறுத்த லத்தி, கூழ், மெழுகுவர்த்தி, நிலவேம்பு என்று எல்லா வைத்தியமும் பார்த்தோம், மாரப்பனிடம் வாயைத் திறந்து கேட்கிற ஒன்றைத் தவிர.