எல்லோருக்கும் ஒரே வாக்கியம்

பள்ளிக்கு வருவதற்கு முன் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு முறை சொல்வாள். பிறகு கூண்டை எடுத்துவிட்டுப் பதிவு செய்த குரலை வைத்தார்கள். பதிவான குரலும் அவளுடையதுதான். அதற்கு விடுமுறை வேண்டாம், தொண்டை கட்டாது.

"என் குரலே என் வேலையைப் பறிச்சுக்கிச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். யாராவது உச்சுக்கொட்டினால் சிரிப்பை நிறுத்திவிடுவாள்.

இது வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி. அலுவலக வேலைக்கு ஆள் எடுத்தபோது தலைமையாசிரியை அவளிடம் கேட்டார்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களோட பழகியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். என்ன நடக்குதுன்னு தெரியாம நிக்கிற கூட்டத்தோட நிறையப் பழகியிருக்கேன்."

"சரி, பெத்தவங்களை நீங்க பாத்துக்குங்க. பிள்ளைங்களை நாங்க பாத்துக்கறோம்."

அப்படித்தான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவள் மைக்கக்கா ஆனாள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பள்ளியில் நடப்பதை வீட்டுக்கும் வீட்டில் நடந்ததைப் பள்ளிக்கும் சொல்வது அவள் வேலை. இரவு தூங்காத பையன் காலையில் வகுப்பில் மேசையைத் தள்ளுவான். தூங்கவில்லை என்று ஆசிரியைக்கு முன்பே தெரிந்தால் அது களைப்பு. தெரியாவிட்டால் அது முரட்டுத்தனம். நடுவில் ஒரு போன்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு தாயைக் கூப்பிட்டு, "வணக்கம், ஸ்கூல்லேருந்து பேசறேன்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. அழுகை கேட்டது. பையன் ஒரு செருப்பைப் பள்ளியிலேயே விட்டுவிட்டான் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து வணக்கத்தைப் பின்னால் தள்ளினாள். போனை எடுத்ததும் முதல் வாக்கியம், "பிள்ளை நல்லா இருக்கு." பிறகுதான் யார், என்ன என்பதெல்லாம். சிலர் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் நிம்மதியாக வைத்துவிடுவார்கள். மீதியைச் சொல்ல மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

படிக்கத் தெரியாத வீட்டுக்குக் குரலில் அனுப்புவாள். பட்டறைச் சத்தத்தில் போன் கேட்காத அப்பாவுக்கு எழுத்தில். ஆனால் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய செய்தி மட்டும் யாருக்கு எப்படிப் போனாலும் சொல் மாறாது. பேருந்து நிலையத்தில் படித்த பாடம் அது. இரண்டாவது முறை சொல்லும்போது ஒரு சொல்லை மாற்றினால் கூட்டம் அது வேறு வண்டி என்று நினைத்து எழுந்து ஓடும். இங்கேயும் அப்படித்தான். அம்மா 'நாளைக்கு' என்று சொல்லி, ஆயா 'அப்புறம்' என்று சொன்னால், பிள்ளைக்கு அவை இரண்டு செய்தி.

நீச்சல் தொட்டி பழுதானபோது, "தொட்டி மூடியிருக்கு. வெள்ளிக்கிழமை திறக்கும்" என்று எழுதி வீடுகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஆயாக்களுக்கும் சமையலறைக்கும் காவல்காரருக்கும் அனுப்பினாள். காவல்காரர் தொட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் மணி அடித்தாற்போல் அதையே சொன்னார்.

உடற்பயிற்சி ஆசிரியர் கிண்டல் செய்வார். "சாப்பிடறதுக்கும் வாக்கியம் எழுதிக் கொடுத்துடுங்க மைக்கக்கா."

"வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க. அதான் வாக்கியம்."

வீட்டில் அவள் கணவனும் இதே குறை சொல்வான். கதவைப் பூட்டு என்பதையும் இரண்டு முறை சொல்கிறாளாம். "ரெண்டாவது தடவை சொன்னப்புறம்தானே பூட்டினீங்க" என்பாள்.

பள்ளி வண்டியை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்பார்கள். ஒரு நாள் அந்தி மயங்கும் நேரத்தில் முன்னால் போன லாரியின் எண் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது. மறுநாளே மருத்துவரிடம் போனார். கண் நரம்புக் கோளாறு, கண்ணாடியில் சரியாகாது, வண்டியை விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். பகலில் இன்னும் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதாகத் தலைமையாசிரியையிடம் வந்து சொன்னார். அறையில் மைக்கக்காவும் இருந்தாள்.

"கண்ணுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. இத்தனை நாள் குருடனா ஓட்டினான்னு கேப்பாங்க. எனக்கு அது வேணாம்."

சொல்வதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மைக்கக்கா எழுதினாள்: "டிரைவர் அண்ணன் இனிமே வரமாட்டார். புது அக்கா வண்டி ஓட்டுவாங்க." வியாழக்கிழமை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். சிறிய வாக்கியம், பொய் இல்லை, யார் மானமும் போகவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் வண்டியில் ஏறவில்லை.

மேனேஜர் என்பது கடைசி நிறுத்தத்தில் ஏறும் சிறுமி. அதிகம் பேசமாட்டாள். ஆனால் வண்டிக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒருவர் இடம் மாறியிருந்தாலும் வண்டி நகரக் கூடாது. பெயர் வைத்தது அவள் அப்பாதான். அவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அம்மா இல்லை. வண்டி மகளை ஏற்றிக்கொண்டு போனதும் அவர் எதிர்த் திசையில் பேருந்து பிடிப்பார்.

அன்று அவள் வண்டியைப் பார்த்தாள், ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள், போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். ஆயா இறங்கிக் கெஞ்சினாள். உள்ளே மற்றப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். வண்டி அவளை விட்டுவிட்டுப் போயிற்று. செவ்வாயும் அதேதான். புதன்கிழமை மதியம் அப்பா போன் செய்தார். பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை. வீட்டிலிருந்துதான் பேசினார்.

"மைக்கக்கா, மூணு நாளா வேலைக்குப் போகல. முதலாளி நல்லவருதான், ஆனா என் மெஷின் சும்மா நிக்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் எங்க அக்கா வீட்டுல விட்டுடறேன்."

"அங்க என்ன பண்ணுவா?"

"டிவி இருக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பழைய ஸ்கூலையும் இப்படித்தான் நிறுத்தினேன்" என்றார் அவர். "வீட்டுக்குள்ளயே இருந்தா. பேசிக்கிட்டிருந்த நாலு வார்த்தையும் போச்சு. எனக்கு மட்டும் ஆசையாக்கா?"

அன்று மாலை பிள்ளைகள் போனபின் தலைமையாசிரியை எல்லோரையும் உட்காரவைத்தார். குழந்தைகளுக்கான நாற்காலிகள். முழங்கால்கள் மோவாயை இடித்தன.

"யாரும் பயப்பட வேண்டாம். போன வெள்ளிக்கிழமை அவகிட்ட யார் யார் என்ன சொன்னீங்க? அது மட்டும் தெரியணும்."

வண்டி ஆயா முதலில் சொன்னாள். "ஊருக்குப் போறாரு, வந்துடுவாருன்னு சொன்னேங்க. அந்த முகத்தைப் பாத்துட்டு வேற என்னத்தைச் சொல்றது?"

"நான் லீவுன்னேன்" என்றாள் வகுப்பாசிரியை.

சமையல்கார அம்மாள் முந்தானையைத் திருகினாள். "வண்டி கழுவப் போயிருக்காருன்னு சொல்லிட்டேன்."

"அவ அப்பா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்காரு" என்றாள் மைக்கக்கா. குரல் உயர்ந்தது. "நான்தான் எழுதி அனுப்பினேனே? எல்லாருக்கும் ஒரே வாக்கியம்!"

வகுப்பாசிரியை அவளை நேராகப் பார்த்தாள். "அதைத்தான் முதல்ல சொன்னேன். 'ஏன்'னு கேட்டா. அவ 'ஏன்'னு கேட்டே பல மாசம் ஆகுது. உங்க வாக்கியத்துல அதுக்குப் பதில் இல்ல. சும்மா நிக்க முடியுமா?"

மைக்கக்காவுக்குக் கண்ணாடிக் கூண்டு ஞாபகம் வந்தது. வண்டி ரத்து என்று மட்டும் சொல்லிவிட்டால் கூட்டம் கலையாது. விபத்தாம், வேலைநிறுத்தமாம் என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டு அங்கேயே நிற்கும். என்ன காரணம், அடுத்த வண்டி எங்கே என்று சொன்னால்தான் நகரும். எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள்.

"தப்பு என்னுது" என்றாள். "நான் ஓட்டை வெச்சு அனுப்பினேன். நீங்க கைக்குக் கெடைச்சதை வெச்சு அடைச்சிருக்கீங்க."

"அவர்கிட்ட வார்த்தை கொடுத்திருக்கோம்" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா மேடம். அதனால அவர்கிட்டயே போய்த் திருப்பிக் கேக்கறேன்."

டிரைவர் அண்ணன் வீடு ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில். அவர் மனைவி கதவைத் திறந்தார். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் வண்டிச் சாவி தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது.

"பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் மைக்கக்கா.

"என்கிட்டயேவா?" என்று சிரித்தார்.

"மேனேஜர் மட்டும் வண்டி ஏறல. மூணு நாளாச்சு."

"அந்தப் புதுப் பொண்ணு ஹாரன் அடிச்சிருக்கும். அவளுக்கு ஆகாது."

"அடிக்கல. எல்லாம் சரியாத்தான் பண்ணினாங்க. அவ உங்களுக்காக நிக்கறாண்ணே. நீங்க வருவீங்கன்னு சொல்லியிருக்கு."

"எவன் சொன்னது?"

"நாங்கதான். ஆளுக்கு ஒரு விதமா. இப்போதைக்கு நீங்க ஊருக்குப் போயிருக்கீங்க, லீவுல இருக்கீங்க, உடம்பு முடியாமப் படுத்திருக்கீங்க, வண்டியும் கழுவிக்கிட்டிருக்கீங்க."

"அதுல ஒண்ணாவது பண்ணினாத் தேவலையே" என்றார் மனைவி. "நாற்காலிக்கு வாடகை கேக்கலாம்னு இருக்கேன்."

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. "கண்ணுன்னு சொன்னா என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி மனுஷன் தானா சாவியைக் கொடுத்துட்டான்னு பேசுவாங்க."

"எல்லாரும் அப்படிப் பேசமாட்டாங்க."

"மாட்டாங்க. பேசறவங்களுக்கு நான் பதில் சொல்றேன். அது என் வேலை."

அவர் கீழே தெருவைப் பார்த்தார். "கண்ணு தெரியலன்னா அவளுக்குப் புரியுமா?"

"தெரியாதுண்ணே. ஆனா ஊருக்குப் போனவர் திரும்பி வருவார்னு நல்லாப் புரிஞ்சிருக்கு. அதனாலதான் உக்காந்திருக்கா."

"நானே வந்து சொல்லட்டுமா?"

"வேணாம். நீங்க வந்து நின்னா நீங்க வந்துட்டதா ஆயிடும்."

அதற்குத்தான் அவர் தலையாட்டினார். பிறகு, "கண்ணு சரியாத் தெரியலன்னு போடு. குறைபாடு, பாதிப்புன்னெல்லாம் போடாத" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். "டிரைவர் அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியல. அதனால வண்டி ஓட்டமாட்டார். அவர் வீட்டுல இருக்கார். புது அக்கா வண்டி ஓட்டுவாங்க." அன்றைக்கே எல்லோருக்கும் போயிற்று. நல்ல மனுஷன் என்று பலர் பதில் எழுதினார்கள். ஒருவர் மட்டும், இத்தனை நாள் எப்படி ஓட்டினார் என்று கேட்டார். நன்றாகத் தெரிந்ததால் ஓட்டினார், சந்தேகம் வந்ததும் நிறுத்தினார் என்று அவருக்கு எழுதினாள்.

வியாழக்கிழமையும் மேனேஜர் ஏறவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. ஊருக்குப் போயிருக்கார் என்று தான் சொன்னது தப்பு என்று ஆயா சொல்லி, வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். இரவு அப்பாவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மைக்கக்கா வண்டியிலேயே போனாள். அப்பா மகளோடு நிறுத்தத்தில் நின்றிருந்தார். தோளில் சாப்பாட்டுப் பை இருந்தது. பட்டறைக்கா அக்கா வீட்டுக்கா என்று அவருக்கே தெரியாது. வண்டிக் கதவு திறந்தது. மேனேஜர் கதவுக்கு வரவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கண்ணு தெரியுதா?"

புது ஓட்டுநர் மைக்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கறா. சொல்லுங்க."

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது."

அது போதவில்லை. மேனேஜர் கையை நீட்டித் தெருவின் எதிர்ப்பக்கம் காட்டினாள். டயர் கடை. மேலே பலகை.

ஓட்டுநர் படித்தாள். "டயர், டியூப் விற்பனை. பஞ்சர் ஒட்டப்படும்."

விரல் கொஞ்சம் கீழே இறங்கியது.

"சின்ன எழுத்தா? இரு..." ஓட்டுநர் கழுத்தை வெளியே நீட்டினாள். "ஞாயிறு விடுமுறை. இங்கே வண்டி நிறுத்தாதீர்."

மேனேஜர் விரலை மடக்கினாள். சுற்றிக்கொண்டு வந்து படியேறினாள். உள்ளே ஒரு பொடியன் இந்த நாலு நாளில் அவள் இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தான். அவனைக் கிளப்பிப் பழைய இடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்தாள். வண்டி நகரலாம் என்பதுபோல் முன்னால் பார்த்தாள்.

அப்பா ஜன்னல் அருகே ஓடி வந்தார். "மைக்கக்கா, நான் இதெல்லாம் சொல்லித் தரல."

"யாருமே சொல்லித் தரல. பஸ்ஸைப் பிடிங்க, போங்க."

அவர் சாலையைக் கடந்து ஓடினார்.

பள்ளிக்கு வந்ததும் மைக்கக்கா ஊழியர்களுக்கும், மாற்று ஓட்டுநர்கள் இருவருக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுபவர் எதிர்க் கடைப் பலகையைச் சத்தமாகப் படிக்க வேண்டும், சின்ன எழுத்து உட்பட. பிறகு டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை வண்டி ஏறிட்டா."

நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

"சின்ன எழுத்தையுமா?"

"சின்ன எழுத்தையும்."

"நல்லவேளை, என்னை ஒரு நாளும் கேக்கல" என்றார்.

பின்னால் அவர் மனைவி, என்னவாம், என்னவாம் என்று கேட்பது கேட்டது. மைக்கக்கா பழக்கம் விடாமல், அந்த முதல் வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், இன்னொரு முறை சொன்னாள்.