சித்தப்பா விழுங்கிய வரி

நேற்று என் மகனை ராணுவப் பயிற்சிக்கு ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியே ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "மிச்சத்த போன்ல சொல்றேம்மா" என்றான். அந்த மிச்சம் ஒன்றுதான் எனக்கு ஆறுதல். காரணம் என் சித்தப்பா.

அவரும் ராணுவத்தில் இருந்தார். பனிமலையில் இரவுக் காவல். விளக்கு கூடாது, எழுத முடியாது. அதனால் கவிதையை மனதிலேயே கட்டி, லீவில் உத்திரமேரூர் வரும்போது என்னை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைப்பார்.

"துப்பாக்கி புடிக்கிறவனுக்கு பாட்டு இன்னாத்துக்குடா?" என்பார் அப்பா.

"துப்பாக்கிய எங்கயாவது வெச்சிட்டா தோல உரிச்சிடுவாங்கண்ணா. பாட்டுக்கு யாரும் கணக்கு கேக்கல."

பட்டாளத்துக்குத் திரும்பும் நாளில் சித்தியிடம் 'வரேன்' என்று சொல்லமாட்டார். ஒரு புதுக் கவிதை சொல்லி, கடைசி வரியை விழுங்கிவிடுவார். "மிச்சத்த சொல்றதுக்காவது வரணுமில்ல?" என்று சிரிப்பார். சித்தி அடுத்த லீவு வரை அந்த வரிக்காகக் காத்திருப்பாள்.

அந்த வருடம் எல்லையில் சண்டை மூண்டது. லீவு பாதியிலேயே அழைப்பு வந்தது. அன்று எங்கள் வீட்டு நடவு. கழனியில் நின்ற சித்தியிடம் வரப்பிலிருந்தே தலையசைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். வழியில் கவிதை சொன்னார்:

பனிமேல் நிற்கிறேன்,
கால்விரல் ஊர்ச்சேற்றைத் தேடுகிறது.
என் பங்கு நாற்றையும்
நீங்களே நட்டுவிடுங்கள்.

பஸ் வந்தது. ஏறிவிட்டார். மறந்துவிடக் கூடாதே என்று சொல்லிக்கொண்டே கழனிக்கு ஓடினேன்.

சித்தி நிமிர்ந்து சிரித்தாள். "இன்னா, இந்தத் தபா எந்த வரிய முழுங்கினாரு?"

"இல்ல சித்தி! முழுசா சொல்லிட்டாரு!"

ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த நாற்றுக்கட்டு சேற்றில் விழுந்தது. வரப்பில் விழுந்தெழுந்து ரோட்டுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. தார் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் பயிர் அறுப்புக்கு வருமுன் சித்தப்பாவைக் கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். அன்று ஊரே அழுதது. சித்தி அழவில்லை. அவள் அழுதது நடவு நாளில்தான்.

கடைசி வரியைத் தன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டாரே என்று அவளுக்குக் கோபம். அந்த வயதில் அப்படித்தான் நான் நினைத்தேன். தார் ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன்.

"அழுவாத சித்தி. உனக்கும் சொல்லித் தரேன்."